நிர்மலாவின் நுரைக்கல்

இண்டூரில் ஜாக்கெட் தைக்க நிர்மலாவை விட்டால் ஆளில்லை என்று பெண்கள் சொல்வார்கள். சொன்ன கையோடு, "அஞ்சு மணிக்கு முன்னாடியே போயிடுக்கா" என்று ஒரு எச்சரிக்கையும் கொடுப்பார்கள். ஐந்து அடித்தால் போதும், மிஷின் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டு அவள் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள். அதற்கப்புறம் தாலி கட்டிக்கொள்ளப்போகிற கல்யாணப் பெண்ணே வந்து நின்றாலும் ஆறு மணி வரை வாசலில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான்.

அவளைத் திமிர் பிடித்தவள் என்று சிலர் சொன்னார்கள். சொல்கிறவர்கள் அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். காலையில் கண் விழித்ததிலிருந்து அவளைக் கூப்பிடாத வாய் அங்கே கிடையாது. மாமியார் கோவிந்தம்மாள் கண்ணாடியைக் காணோம் என்று கூப்பிடுவாள். கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும். கணவன் மாது கடைத்தெருவில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். அவன் கடையிலிருந்து போன் போட்டு, டெஸ்டர் டிவி மேல் கிடக்கிறதா பார் என்பான். தைக்கக் கொடுத்தவர்கள் கை இறுக்கம், கழுத்து இறக்கம் என்று வந்து நிற்பார்கள். கொட்டகையில் கன்றோடு கட்டியிருக்கும் பசுமாடு கூட அவள் தலையைக் கண்டால்தான் கத்தும்.

மாடிப்படி வீட்டுக்கு வெளிப்பக்கம், ஒடுக்கமானது, கைப்பிடி கிடையாது. மாமியாருக்கு முட்டி வலி, மாதுவுக்குச் சோம்பல். ஆகவே மேலே அவளும் அவளுடைய தொட்டிகளும் மட்டும்தான். சாமந்தி, மல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சை, ஒரு மூலையில் தானாகப் படர்ந்த பிரண்டை. தண்ணீர் விடுவாள், பழுத்த இலையைக் கிள்ளுவாள், சில நாள் ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்பாள். மெல்லிய குரலில் ஏதாவது பாடினாலும் பாடுவாள், கேட்க ஆளில்லை என்பதால்.

இந்தச் சுகத்துக்குத்தான் வந்தது வேட்டு. கார்த்திகை மாதம் மழை விட்டபாடில்லாமல் பெய்தது. ஹாலில் கூரை ஈரம் பூத்துச் சொட்டத் தொடங்கியது. வேறு எந்த அறையில் சொட்டியிருந்தாலும் ஒரு குண்டானை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். அது டிவிக்கு நேர் மேலே சொட்டியது, அதுவும் கோவிந்தம்மாளின் சீரியல் நேரத்தில். மறுநாளே மேஸ்திரி சென்னப்பனுக்கு ஆள் போய்விட்டது.

சென்னப்பன் மேலே ஏறி, அங்குமிங்கும் தட்டிப் பார்த்தார். பழைய சென்ட்ரிங் கூரை, விரிசலைத் தான் அடைத்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் இத்தனை சிமெண்டுத் தொட்டியும் ஈர மண்ணும் மேலே உட்கார்ந்திருந்தால் அடுத்த மழைக்கும் தன்னைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார். தொட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மாது அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தொட்டிகளை எல்லாம் இறக்கி, பொம்மிடியில் இருக்கும் சித்தப்பா தோட்டத்தில் வைத்துவிடலாம். செடி எங்கே இருந்தால் என்ன, தண்ணீர் ஊற்றினால் வளரப்போகிறது. பொம்மிடிக்குப் போய் அவள் எப்போது அதைப் பார்ப்பாள் என்று அவன் யோசிக்கவில்லை. அவனுக்குச் செடி என்றால் செடி, அவ்வளவுதான். நிர்மலா மிஷினில் போய் உட்கார்ந்தாள். அது கடகடவென்று ஓடியது. அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டில் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். தைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு தப்பு அவள் கையில் வந்ததில்லை.

பிளாஸ்டிக் தொட்டியெல்லாம் ஏற்கெனவே வாங்கிப் பார்த்தாகிவிட்டது. இந்த ஊர் வெயிலில் ஒரு கோடை போனால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். பையில் வைத்ததை எலி கடித்தது. சாப்பிடும்போது நிர்மலா மெதுவாகக் கேட்டாள், வெயிட்டே இல்லாத சிமெண்டுத் தொட்டி இருந்தால் மேலேயே வைத்துக்கொள்ளலாமா என்று.

மாதுவுக்குச் சோறு புரையேறிவிட்டது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"கல்லு தண்ணில மிதக்கட்டும். அப்பறம் நானே தொட்டியத் தூக்கிட்டு மேல வர்றன்."

இந்த வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவனும் மறந்துவிட்டான், அவளும் அதன் முதல் பாதியை மட்டும்தான் பிடித்துக்கொண்டாள்.

அவள் சும்மா கேட்கவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். எந்த நாட்டுக்காரனோ, பேசுவது ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனால் கை செய்வது புரிந்தது. சிமெண்டையும் தண்ணீரையும் குழைக்கிறான். இன்னொரு வாளியில் ஏதோ சோப்புத் தண்ணியை நுரைக்க வைக்கிறான். நுரையை அதில் சேர்த்து அச்சில் ஊற்றுகிறான். நுரைக்குள் இருக்கும் காற்று அப்படியே சிமெண்டுக்குள் நின்றுவிடுகிறது. காய்ந்ததும் அந்தப் பெரிய தொட்டியை ஒரு கையால் தூக்கிக் காட்டுகிறான். அந்த இடத்தை மட்டும் நிர்மலா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வேலை ஆரம்பமானது. அச்சுக்குப் பெரிய பெயிண்ட் வாளி இரண்டு, அதற்குள்ளே வைக்கச் சின்ன வாளி இரண்டு. ஒட்டாமல் இருக்க உள்ளே தையல் மிஷின் எண்ணெயைத் தடவினாள். நுரை அடிக்க மாதுவின் டிரில் மிஷினைக் கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தாள். பொம்மை வைத்த அலமாரிக்கு ஆணி அடிக்க என்று சொல்லி வாங்கினாள். அந்த வீட்டில் பொம்மையும் கிடையாது, பொம்மை வைக்க அலமாரியும் கிடையாது. மாது அதைக் கவனிக்கவே இல்லை. டிரில்லின் முனையில் முட்டை அடிக்கிற கம்பியைச் சொருகினாள்.

முதலில் ஷாம்பு. சரம் சரமாக வாங்கிக் கிழித்து ஊற்றி அடித்தாள். நுரை வாளியைத் தாண்டி, மாட்டின் வால் வரைக்கும் போனது. சிமெண்டில் சேர்த்த உடனே புஸ்ஸென்று அடங்கிவிட்டது. மறுநாள் அச்சைத் தட்டினால் பழைய கனத்திலேயே ஒரு கல், மல்லிகை வாசனையோடு. பாத்திரம் விளக்குகிற லிக்விடும் அதே கதிதான்.

பட்டுப்புடவைக்கு விளிம்பு அடிக்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பட்டுக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணியில்தான் அலசுவாள்; அந்த நுரை அலசி முடித்த பிறகும் பாத்திரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும், போகவே போகாது. கொட்டையை வாங்கி ஊறவைத்து, வடிகட்டி, டிரில்லை வைத்து அடித்தாள். வெள்ளை வெளேரென்று கெட்டி நுரை. விரலை விட்டால் பள்ளம் அப்படியே இருந்தது.

அடுத்து வந்தது கைப்பழக்கத்தின் வினை. நுரையைக் கொட்டிவிட்டு, கேழ்வரகுக் களி கிண்டும் துடுப்பை எடுத்தாள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கட்டி தட்டாமல் களி கிண்டுகிற மாதிரி வாளியைக் காலால் அணைத்துக் கிண்டு கிண்டென்று கிண்டினாள். கட்டி ஒன்றுகூட இல்லை. நுரையும்தான் இல்லை. இரண்டு தரம் இப்படி நுரையைக் கொன்ற பிறகுதான், இது களி இல்லை, தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் போடுகிற மாதிரி அடியிலிருந்து எடுத்து மேலே மடக்க வேண்டிய சமாச்சாரம் என்று விளங்கியது.

இதற்குள் சிமெண்டு அவள் விரல் நுனிகளைத் தின்றுவிட்டது. ஊசியைப் பிடித்தால் சுரீரென்றது. அப்போதுதான் கோவிந்தம்மாள் கொட்டகைப் பக்கம் வந்து, மருமகள் செய்கிற காரியத்தை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டு, திட்டாமல், யோசனை சொன்னாள். அதுதான் ஆபத்து.

அவள் பிறந்த வீட்டுச் சுவர் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணியில் சுண்ணாம்பு அரைத்துக் கட்டியதாம். கடப்பாரையை ஓங்கிப் போட்டாலும் பொறிதான் பறக்குமாம், சுவர் பெயராதாம். வெல்லம் சேர்க்காத காரை எல்லாம் ஒரு காரையா என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கடத்தூர் மண்டியில் வாங்கி வைத்திருந்த உருண்டை வெல்லத்தில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் தானாக ஒரு பொருளை எடுத்துக் கொடுப்பது அந்த வீட்டில் லேசில் நடக்கிற காரியமில்லை. நிர்மலா அதைப் பக்தியோடு கரைத்து ஊற்றினாள்.

காலையில் போய்ப் பார்த்தால் கூழ். மறுநாளும் கூழ். சிமெண்டு இறுகவே இல்லை. கட்டெறும்புகள் மட்டும் ஊர்கூடித் தேர் இழுக்கிற மாதிரி வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. வெல்லம் போதவில்லை போல என்றாள் கோவிந்தம்மாள். அடுத்த தடவை இன்னொரு உருண்டையைச் சேர்த்துக் கரைத்தார்கள். அது இன்னும் நல்ல கூழாக வந்தது. நிர்மலா கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையடிக்கிற ஆள் நாள் சொல்லிவிட்டான். சித்தப்பா வண்டி அனுப்புவதாகப் போன் செய்துவிட்டார். அழுகை வந்தது, அழுதாள்.

கடைசியாக ஒரு தரம் என்று மறுபடியும் கரைத்து வைத்தாள். ஒரு அச்சுக்கு வெல்லத் தண்ணியோடு குழைத்து ஊற்றிவிட்டு, இரண்டாவது அச்சுக்குத் திரும்பினால் பாத்திரம் காலி. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்த கன்றுக்குட்டி, வெல்லத் தண்ணியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு மூக்கை நக்கிக்கொண்டு நின்றது. அலுப்பில் நிர்மலா வெறும் தண்ணியையே ஊற்றிக் குழைத்து, நுரையை மடக்கி, மிச்சத்தைக் கொட்டகையில் கிடந்த ஒரு செங்கல் அச்சிலும் நிரப்பிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

விடிந்து பார்த்தால் வெல்லத் தொட்டி கூழ். வெறும் தொட்டி கல். நகத்தால் தட்டினால் டொக்கென்றது. அவள் இரண்டையும் பார்த்தாள், கன்றுக்குட்டியைப் பார்த்தாள், அதன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். சுண்ணாம்புக்கு ஆகிற வெல்லம் சிமெண்டுக்கு ஆகாது என்பதை அந்த வீட்டில் கண்டுபிடித்தது அதுதான். கோவிந்தம்மாளிடம் மட்டும் வெல்லம் தீர்ந்துபோய்விட்டது, அதனால் போடவில்லை என்று சொல்லி வைத்தாள். மாமியார் கொடுத்ததைக் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள அவள் என்ன பைத்தியமா?

ஈரச் சாக்கைச் சுற்றிப் போட்டு நன்றாக இறுகவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதுவைக் கூப்பிட்டாள். மாடு தண்ணி குடிக்கிற தொட்டியில் தன் புதுச் செடித்தொட்டியை இறக்கினாள். மிதந்தது. மாது உதட்டைப் பிதுக்கினான். உள்ளே வெற்றிடம் இருந்தால் இட்லிக் குண்டான் கூடத்தான் மிதக்கும், இதில் என்ன அதிசயம் என்றான். நியாயம்தான். நிர்மலா மிச்சத்தில் வார்த்த அந்த முழுச் செங்கல்லை எடுத்து, அவன் கையில் கொடுத்து, நீங்களே போடுங்க என்றாள்.

போட்டான். கல் உள்ளே போய், ஒரு முங்கு முங்கிவிட்டு மேலே வந்து, அவன் முகத்தைப் பார்த்து ஆடிக்கொண்டு நின்றது. மாது அதை அமுக்கிப் பார்த்தான். திரும்பவும் வந்தது. பசுமாடு பயந்துபோய் நான்கு நாளைக்கு அந்தத் தொட்டியில் வாய் வைக்கவில்லை.

அதற்கப்புறம் மாதுவைப் பிடிக்க முடியவில்லை. கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றான். பழைய மோட்டார் ஒன்றில் கம்பியைப் பொருத்தி நுரை அடிக்க மிஷினே செய்துவிட்டான். வரிசையாகத் தொட்டிகள் இறங்கின. மண்ணைக் குறைத்துத் தேங்காய் நார்த்தூளை நிரப்பினார்கள். பழைய கனத் தொட்டிகளைக் கீழே இறக்கிக் கிணற்றோரம் வைத்தார்கள். தான் சொன்னது நினைவில்லாவிட்டாலும் சொன்ன சொல் தவறாமல், புதுத் தொட்டிகளை ஒவ்வொன்றாக அவனே தோளில் தூக்கிக்கொண்டு படியேறினான். விரிசலை அடைக்க வந்த சென்னப்பன் ஒரு தொட்டியை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்.

"இனிமே இந்த மாடிக்கு ஒண்ணும் ஆவாதும்மா. கல்யாணப் பந்தியே போடலாம்."

பொம்மிடி வண்டி வேண்டாம் என்று போன் போனது. நிர்மலாவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு மேலே வந்த மாது, கீழே இறங்கவில்லை.

அதுவரைக்கும் மாடி என்று ஒன்று இருப்பதையே அறியாதவன் ஐந்து மணிக்குக் கடையிலிருந்து ஓடிவந்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எலுமிச்சைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணி என்று யோசனை சொன்னான். போனில் பாட்டு வைத்தான். காயில் கட்ட வந்தவர்களை எல்லாம் அழைத்துவந்து, என் சம்சாரம் செய்தது என்று காட்டினான். கீழே தண்ணித் தொட்டியில் கல்லைப் போட்டுக் காட்டிவிட்டு மேலே கூட்டிக்கொண்டு வருவான். ஜாக்கெட் தைக்க வந்தவர்களும் இதுதான் சாக்கென்று பின்னாலேயே ஏறினார்கள். கோவிந்தம்மாள் கூட முட்டி வலியையும் வெல்லம் தீர்ந்த கதையையும் மறந்து, சுவரைப் பிடித்து ஏறிவந்து, வெல்லம் கொடுத்தது யார் என்று எல்லோரிடமும் கேட்டாள்.

பெண்டாட்டியைப் பற்றிப் பெருமை பேசுகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நிர்மலாவுக்கே அது தெரிந்தது. அதனாலேயே வாயைத் திறக்க முடியவில்லை. தொட்டி இருந்தது, செடி இருந்தது, சாமந்தி மொட்டு விட்டிருந்தது. அவளுடைய ஐந்து மணி மட்டும் இல்லை. பாடி எவ்வளவு நாளாயிற்று என்று ஒருநாள் நினைத்துப் பார்த்தாள். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

போகிக்கு முந்தின நாள் அது வெளியே வந்தது. மாது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அடுத்து இங்கே நுரைக்கல்லிலேயே நீளமாக ஒரு பெஞ்சு போட்டால் எல்லோரும் உட்காரலாம் என்று சொன்னான். நிர்மலா கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றன், தப்பா எடுத்துக்காதீங்க. செடிக்காவ நான் அவ்ளோ பாடுபடல. இந்த வூட்டுல என்னைய யாரும் கூப்பிடாத எடம் இது ஒண்ணுதான். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பாடுபட்டன்."

சாய்ந்திருந்த மாது நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நானுமா?"

"நீங்களுந்தான்."

அவன் எழுந்தான். நாற்காலியைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனான். அன்று சாப்பிடும்போது ஊறுகாய் கேட்கவில்லை. அம்மாவோடு சேர்ந்து சிரிக்கவும் இல்லை. நிர்மலா பாதிச் சோற்றை மாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம், ஆசையாக வந்த மனுஷனை விரட்டிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதையும் அவளால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

பொங்கல் அன்று மாதுவின் தங்கை கலைமதி, தீர்த்தமலைப் பக்கமிருந்து புருஷன், மாமனார், மாமியார், ஓரகத்தி என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள். மிதக்கும் கல்லைப் பற்றி அண்ணன் போனில் அளந்தது அவ்வளவு. மத்தியானம் விருந்து முடிந்தது, கல்லையும் தண்ணியில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஐந்து மணிக்கு நிர்மலா கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள். விருந்தாளிகளை விட்டுவிட்டுப் போகிறோமே என்று இருந்தது. எப்படியும் பின்னாலேயே வேன் மொத்தமும் ஏறிவரத்தான் போகிறது, அதுவரைக்கும் இரண்டு நிமிஷமாவது கிடைக்கட்டும் என்று போனாள்.

எதிர்பார்த்த மாதிரியே கீழே படியருகில் சலசலப்புக் கேட்டது. கலைமதியின் வளையல் சத்தம் முதல் படிக்கு வந்தது. பிறகு நின்றுவிட்டது. நிர்மலா கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். படிக்குக் குறுக்கே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் மாது காலை நீட்டி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"யாரும் ஏறாதீங்க. மேஸ்திரி கண்டிஷனா சொல்லிட்டாரு. தொட்டிங்களோட சேத்து ஒரே ஒரு ஆளு வெயிட்டுதான் இந்த மாடி தாங்குமாம்."

கலைமதி விடுவாளா? "அண்ணி மேலதானே போச்சு?"

"அவதான் அந்த ஒரு ஆளு."

கலைமதியின் மாமனார், அப்படியானால் வீட்டு மாப்பிள்ளையான தன் மகன்கூட ஏற முடியாதா என்று கேட்டார். தானே ஏறுவதில்லை என்று மாது சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு எல்லோரையும் கொட்டகைப் பக்கம் போய் நுரை மிஷினைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை. கோவிந்தம்மாள் உள்ளேயிருந்து, "நிர்மலா, என் கண்ணாடி" என்று ஆரம்பித்தாள். உன் மூக்கைத் தொட்டுப் பாரும்மா என்று மாது இங்கிருந்தே சொன்னான்.

மேலே நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும். சென்னப்பன் பந்தி போடலாம் என்று சொன்னபோது மாதுவும் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவள் குவளையை எடுத்துச் சாமந்திக்குத் தண்ணீர் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மெல்லிய குரலில் பாடினாள், கீழே நாற்காலியில் இருக்கிறவனுக்குக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று. ஆறு மணி வரைக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை.